நெத்திலி டப்பாவில் தம்பியின் பெயர்

சந்தோன்யா, 9 மார்ச் 1998

தம்பி தேரியோவுக்கு,

போன திங்கட்கிழமை மாட்ரிடிலிருந்து ஒரு வியாபாரி வந்து என் நெத்திலியைத் தின்று பார்த்தார். வருஷத்துக்கு இருபதாயிரம் டப்பா எடுத்துக்கொள்கிறேன் என்றார், மூடியில் உன் பெயரும் முகமும் இருந்தால்.

சேதி இதுதான். குசலம் இனிமேல். அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. ஆளைக் குரலால்தான் கண்டுபிடிக்கிறாள். மற்றபடி மூன்று வேளையும் சாப்பிட்டு என்னைக் குறை சொல்கிறாள், ஆகவே ஆரோக்கியம்தான். உன் முழங்கால் எப்படி? ரொசியோ சுகமா?

வியாபாரியின் பெயர் பார்ரியென்தோஸ். மூன்று துண்டு தின்றார், ரொட்டியை எண்ணெயில் துடைத்துத் தின்றார், விரலையும் நக்கினார். ஆள் என் வலையில் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அம்மா, நெத்திலி பிரமாதம். ஆனா மாட்ரிட்ல பிரமாதமான நெத்திலி தெருவுக்கு நாலு கிடைக்குது. அவங்ககிட்ட இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கே, அதைக் குடுங்க."

"என்னது?"

"தம்பி. கால்பந்து ஆடின தம்பி."

பன்னிரண்டு வருஷமாக என் டப்பாவில் என் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உன் பெயர் வேண்டுமாம். வியாபாரம் என்றால் வியாபாரம். யோசித்து எழுது. மே மாதம் முடிவதற்குள் மூடிக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

உப்புக் கையோடு முடிக்கிறேன்,
அக்கா விசி


ஹுவெல்வா, 27 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் மழைக்கு மட்டும் முனகுகிறது. அம்மாவின் கண்ணுக்கு ஆபரேஷன் தள்ளிப்போடாதே.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நானூற்றுப் பதினொரு ஆட்டம் ஆடி ஆறே ஆறு கோல் போட்டவன் முகத்தைப் பார்த்து எவன் நெத்திலி வாங்குவான்? பந்தைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுப்பதுதானே என் வேலையாக இருந்தது. ஆனாலும் அவர் கேட்டால் போட்டுக்கொள்.

பணம் ஒன்றும் வேண்டாம். உனக்கு இல்லாத பெயரா? இங்கே கிளப் ஆபீஸில் வேலை நிறைய. அதனால்தான் பதில் தாமதம்.

அம்மாவுக்கு என் முத்தம்.
தேரியோ


சந்தோன்யா, 4 ஏப்ரல் 1998

தம்பிக்கு,

நாங்கள் நலம். படகுகள் இன்னும் நல்ல மீன் கொண்டுவரவில்லை, அதனால் எழுத நேரமும் கோபமும் இருக்கிறது.

பணம் வேண்டாமாம். கொடுக்கிற இடத்தில் எப்போதும் நீ, வாங்கிக்கொள்கிற இடத்தில் நான். இது எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாவுக்கு எட்டு பெசேட்டா உனக்கு. இதில் பேச்சில்லை.

கேள். நீ பதினைந்து வயதில் சாந்தாந்தேருக்கு ஆடப் போனபோது எனக்குப் பத்தொன்பது. உன் தங்குமிடத்துக்காக அப்பா படகில் வைத்திருந்த ஆறில் ஒரு பங்கை விற்றார். அந்தப் பங்கை எனக்கென்று சொல்லியிருந்தார். அதை வைத்து நெத்திலியை உப்பில் ஊறவைக்க நாலு பீப்பாய் போடுவதாக இருந்தேன். அதற்குப் பதிலாக இன்னொருத்தர் மேசையில் ஒன்பது வருஷம் நின்று மீனுக்குத் தோல் உரித்தேன். உன்னிடம் நான் இதைச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை.

அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைச் சுற்றி உட்காருவோம். ஒரு ஆட்டத்தில் உன் பெயர் இரண்டு தடவை வந்தால் அதிகம். உனக்கு மஞ்சள் அட்டை காட்டினால் அப்பா கைதட்டுவார். "பேரைச் சொல்லிட்டான்டி! முழுப் பேரையும் சொல்லிட்டான்!" என்பார். என் முதல் பீப்பாய் பில்பாவோவுக்கு விலைபோன அன்று வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். "உஷ், கார்னர் கிக்" என்றார். அது உன் கிளப் அடித்த கார்னர்கூட இல்லை.

சரி, போகட்டும். நீ களத்தில் ஆடுகிற படம் ஒன்று அனுப்பு. உடையில் நிற்க வேண்டும், கோட்டுப் போட்ட படம் வேண்டாம் என்று பார்ரியென்தோஸ் சொல்லிவிட்டார்.

அம்மா உன் குரலை போனில் கேட்க வேண்டுமாம்.
விசி


ஹுவெல்வா, 2 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே அறிய ஆவல். படம் தேடியதில் நாளாகிவிட்டது.

நான் தனியாக ஆடுகிற படம் ஒன்றுகூட இல்லை. கேமராக்காரர்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். நான் அங்கே போவதில்லை. இதோடு வைத்திருப்பது நாங்கள் முதல் டிவிஷனுக்கு ஏறின அன்று எடுத்தது. நாலு பேர் இருக்கிறோம். வண்ணம் நன்றாக விழுந்திருக்கிறது. பத்திரமாகத் திருப்பி அனுப்பு, வேறு பிரதி கிடையாது.

அப்பாவின் பங்கு விஷயம் எனக்குத் தெரியாது. எட்டு பெசேட்டாவை அம்மாவின் கண்ணுக்கு வைத்துக்கொள்.

தேரியோ


சந்தோன்யா, 11 ஜூலை 1998

தம்பிக்கு,

எல்லோரும் நலம். இந்த வருஷம் நல்ல மீன். நூற்று நாற்பது பீப்பாய் உப்பில் இருக்கிறது. உன் படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

மூடிகள் திங்கட்கிழமை பில்பாவோவிலிருந்து வந்து சேர்ந்தன. சிவப்பு நல்ல சிவப்பு. எழுத்து பெரிதாக, உன் முழுப் பெயர் தூரத்திலிருந்தே தெரிகிறது: எமெதேரியோ சொலானா. போன வருஷத்து மீனை அதில் அடைத்து முதல் ஐயாயிரம் டப்பா மாட்ரிட் போயிற்று. பார்ரியென்தோஸ் போனில், "பாத்தீங்களா அம்மா, நான் சொன்னேன்ல? முகம்னா முகம்!" என்றார்.

உனக்கும் ஒன்று அனுப்ப நினைத்தேன். தபாலில் டப்பா நசுங்கி எண்ணெய் கசியும், கடிதமெல்லாம் பாழாகும். பிறகு பார்ப்போம்.

அம்மா ஒரு மூடியைக் கேட்டு வாங்கி, பியென் அபரெசிதா மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். காலையில் மாதாவுக்கு ஒரு முத்தம், மூடிக்கு இரண்டு. கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் பார்த்து, "இதுதான் அவன் மூக்கு" என்கிறாள்.

வெயிலில் அதிகம் நிற்காதே.
விசி


ஹுவெல்வா, 3 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். இங்கே காற்றே நெருப்பாக இருக்கிறது.

ஒரு டப்பா அனுப்பினால் நல்லது. நசுங்கினால் பரவாயில்லை. மாமனார் தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்கிறார்: "எங்க மாப்ள, உன் மூஞ்சி போட்ட டப்பா? இல்ல, மீன்தான் உன்னைப் பாத்து ஓடிப்போச்சா?" எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்.

வெறும் மூடி மட்டும் என்றாலும் போதும். அது தட்டைதானே, உறைக்குள் வைக்கலாம்.

அம்மாவுக்கு முத்தம்.
தேரியோ


சந்தோன்யா, 20 செப்டம்பர் 1998

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை தலைக்கு மேல். மேசைக்கு இன்னும் நாலு பெண்களைச் சேர்த்திருக்கிறேன். இப்போது பன்னிரண்டு பேர். தெற்குப் பக்கமும் சரக்குப் போகிறதாம். உன் ஊர்க் கடையிலேயே கிடைக்கலாம் என்று பார்ரியென்தோஸ் சொல்கிறார்.

ஊரில் எல்லோருக்கும் இப்போது நான் தேரியோவின் அக்கா. மீன் ஏலத்தில் இருபது வருஷமாக என் முகத்தைப் பார்த்தவன், "தேரியோ டப்பாக்காரி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்கிறான். நீ சந்தோஷப்படு.

மூடி கேட்டிருந்தாய். தேடி அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு அக்டோபர் ஏழாம் தேதி ஆபரேஷன்.
விசி


ஹுவெல்வா, 2 நவம்பர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

ரொசியோ எழுதுவது. அத்தையின் கண் சுகமானதைப் போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

அவர் உங்களுக்கு எழுதாமல் மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிளப் ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. ஆட்டத்தை விட்டதிலிருந்து என் அப்பாவின் ஸ்ட்ராபெர்ரிக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார்.

போன வாரம் எங்கள் தெருக் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரொசியோ, தப்பா நினைக்காதம்மா. உன் வீட்டுக்காரர் வாராவாரம் வந்து நெத்திலி டப்பா எல்லாத்தையும் கவுத்து வெச்சுட்டுப் போறாரு. நான் நிமித்தி வெச்சா மறுபடி வந்து கவுக்கறாரு. எங்கிட்ட ஏதாவது கோவமா?" என்றார்.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பெயர் அவருடையது. முகம் பெலாயோவுடையது. நீங்கள் வாங்கிய படத்தில் இவரோடு இருப்பவன், அன்றைக்கு அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றிய கோலைப் போட்டவன். அவன் இப்போது டிவியில் வந்து பேசுகிறான், எங்கள் வீட்டில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை.

அண்ணி, நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ரொசியோ


சந்தோன்யா, 9 நவம்பர் 1998

தேரியோ,

அம்மா நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்நேரம் நீ டப்பாவைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு எழுதாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூடிப் பெட்டியைத் திறந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பில்பாவோ அச்சுக்காரன் நாலு பேரில் கையைத் தூக்கிக்கொண்டிருந்தவனை வெட்டி எடுத்துக்கொண்டான். மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டான். இதில் என் தம்பி யார் என்று நான் எழுதி அனுப்பவில்லை. உன் முகம் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தானே இருந்தது.

ஒரு போன் செய்திருந்தால் பத்து நாளில் புதிதாக அடித்துக் கொடுத்திருப்பான், தப்பு அவனுடையது. நான் போன் செய்யவில்லை. கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், தேரியோ. பீப்பாய் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உன்னைக் கேட்டு வந்த பார்ரியென்தோஸுக்கே உன்னைத் தெரியவில்லை. ஏலத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேசையில் ஒருத்தி, "டிவில பாத்ததவிட உங்க தம்பி அழகா இருக்காருக்கா" என்றாள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். பதினேழு வருஷம் உனக்காக வாயை மூடிக்கொண்டு ரேடியோ கேட்டவளுக்குக் கிடைத்த கூலி என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கு மூடி அனுப்பவில்லை. தபாலில் நசுங்கும் என்பதெல்லாம் பொய்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நேராக மாதாவிடம் போனாள். பக்கத்திலிருந்த மூடியை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தாள்.

"யாருடி இந்தப் பய? இவனுக்கா நான் மூணு மாசமா முத்தம் குடுத்தேன்?"

"அச்சுக்காரன் தப்பும்மா."

"என் பையன் எங்க?"

"படத்துலதான் இருந்தான். வெட்டிட்டாங்க."

"நீ பாத்தியா, பாக்கலியா?"

நான் கிடங்குக்கு வந்துவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.
விசி


ஹுவெல்வா, 1 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்பதில் சந்தோஷம்.

ஆகஸ்ட் கடைசியிலேயே பார்த்துவிட்டேன். மாமனார்தான் வாங்கி வந்தார். மேசையில் டக்கென்று வைத்தார். "மாப்ள, அதிர்ஷ்டக்காரன்யா நீ. வழுக்கைத் தலையில ஒரே வருஷத்துல முடி முளைச்சிருக்கே!" என்றார். ரொசியோ அப்போது அடுக்களையில் இருந்தாள். அந்தக் கோலுக்குப் பந்து என் காலிலிருந்து போனது. பெலாயோ நன்றி கெட்டவன் இல்லை, போட்டவுடன் என்னைத் தேடி ஓடி வந்தான். மூடியில் அவன் யாரையோ பார்த்துச் சிரிக்கிறானே, அந்த யாரோ நான்தான். ஒரு விரல் அகலம் விட்டு வெட்டியிருந்தால் என் காதாவது வந்திருக்கும்.

திட்டச் சொல்கிறாய். எனக்கு உரிமை இல்லை. நான் எழுதாத ஒன்று இருக்கிறது. கிளப் ஆபீஸ் கிடையாது. ஸ்ட்ராபெர்ரிப் பெட்டி ஏற்றுகிறேன். ஐந்து ஊர்களில் ஆடினேன், விட்ட அன்று என் கையில் இருந்தது ஒரு பை, அதில் இரண்டு ஜோடி ஷூ. அடுத்த ஞாயிறு என் இடத்தில் இன்னொருவன் ஓடினான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீ ஒரே இடத்தில் நின்று, உன் பெயரில் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ அனுப்பிய டப்பாவைத் திறக்கும்போது மூடியில் 'விசி' என்று படிப்பேன். வயிறு எரியும். மீன் ருசியாக இருந்தால் இன்னும் எரியும்.

நீ என் பெயரைக் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயர் வரப்போகிறது என்றுதான் சரி என்றேன். பணம் வேண்டாம் என்றது பெருந்தன்மை இல்லை. அதை இனாமாகவே செய்திருப்பேன்.

விற்பனை நடக்கிறது, மூடியை மாற்றாதே.

தேரியோ


சந்தோன்யா, 19 டிசம்பர் 1998

தம்பிக்கு,

அம்மா, நான், வீடு, பீப்பாய் எல்லாம் நலம். உங்கள் மூவர் நலமும் கோருகிறேன், உன் மாமனாரையும் சேர்த்து. அவர் வாய்க்கு உப்பு வைக்க எனக்குத் தெரியும், நேரில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை, நாம் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று தெரிந்தது. மறுநாள் பஸ் ஏறி மாட்ரிட் போனேன். பார்ரியென்தோஸிடம் ஒரு டப்பாவை வைத்து, இது என் தம்பி இல்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இல்லியா? சரி, யாரா இருந்தா என்ன? ஆட்டக்காரன் மாதிரிதானே இருக்கான்?"

"இவன் பெலாயோ."

"பெலாயோவா! அட, டிவில வர்றவன்! இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? பேரையும் அவன் பேராவே போட்டுருவோம். அவன்கிட்ட நான் பேசிக்கறேன். டப்பாவுக்கு இருபது பெசேட்டா கூடப் போட்டுத் தர்றேன்."

"என் தம்பி?"

"தம்பி நல்லவரு. தம்பிய யாரு இல்லன்னா?"

"முகமும் வேணாம், எந்த ஆட்டக்காரன் பேரும் வேணாம், என் பேரு மட்டும்னா என்ன விலை?"

அவர் பென்சிலை எடுத்தார். இப்போது கொடுப்பது முந்நூற்று நாற்பது. நீ இல்லாமல் என்றால் முந்நூற்றுப் பத்து என்றார். ஆக, உன் பெயருக்கு அவர் வைத்திருக்கும் விலை முப்பது பெசேட்டா. பத்தொன்பது வயதிலிருந்து நான் உன்னைப் பார்த்து வெந்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கு அவமானமாகிவிட்டது. "முப்பதா? அவன் நானூத்திப் பதினோரு ஆட்டம் ஆடியிருக்கான்யா!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன். உனக்காக நான் கத்தியது இதுதான் முதல் தடவை. ரேடியோவுக்கு முன்னால்கூடக் கத்தியதில்லை.

பிறகு உட்கார்ந்து பேசி முடித்தேன். மூடியை மாற்றாதே என்று நீ எழுதியிருக்கிறாய், உன்னைக் கேட்கப் போவதில்லை. என் பெயர் மட்டும் இருக்கும் மூடியை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. நீ கோபித்துக்கொள், வயிறெரி, எழுது. முடிவான பேச்சு இது: ஜனவரி முதல் தேதியிலிருந்து வருஷத்துக்கு இருபதாயிரம் டப்பா. மூடியில் முகம் கிடையாது. பெயர், விசிதாசியோன் சொலானா. மிச்சமிருக்கிற பழைய மூடிகளைப் பழைய தகரக்காரனுக்கு எடைக்குப் போடுவது என் பொறுப்பு. விலை டப்பாவுக்கு முந்நூற்றுப் பத்து, சரக்கு இறங்கிய முப்பதாம் நாள் பணம்.

அக்கா
விசி